பக்கிங்காம் கால்வாயைப் பஞ்சம்தான் வெட்டியதா?

4 பிப்ரவரி, மாலை – ஒரு வாசகரின் கேள்வி

காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை நீளும் பக்கிங்காம் கால்வாய், தாது வருடப் பஞ்சத்தில் (1876-78) பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே வெட்டப்பட்டது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாயை இரண்டே ஆண்டுகளில், அதுவும் பசித்த மக்களைக் கொண்டு வெட்டியிருக்க முடியுமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டும்.

4 பிப்ரவரி, இரவு

முடியாது. பஞ்ச காலத்தில் வெட்டப்பட்டது, சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் துண்டு மட்டுமே. 1877-78இல் அந்த வேலை நடந்தபோது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். அந்தச் சிறு துண்டின் மூலம் அவர் பெயர் முழுக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது; அதனால்தான் கால்வாய் முழுவதும் பஞ்சத்தில் பிறந்தது என்ற எண்ணமும் பரவியது.

கால்வாயின் உண்மையான தொடக்கம் அதற்கு எழுபது ஆண்டுகள் முந்தியது. 1806ஐ ஒட்டி, பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை 11 மைல் தொலைவுக்கு உப்புநீர்க் கால்வாய் ஒன்றைத் தம் சொந்தப் பணத்தில் வெட்டினார். படகுகளிடம் சுங்கம் வாங்கிப் போட்ட முதலைத் திரும்ப எடுப்பது அவருடைய கணக்கு. நெடுங்காலம் அது காக்ரேன் கால்வாய் என்றே வழங்கியது. வடசென்னையில் காக்ரேன் பேசின் சாலை இன்றும் இருக்கிறது. நாம் நாள்தோறும் சொல்லும் பேசின் பிரிட்ஜ் என்ற பெயரில் உள்ள ‘பேசின்’, படகுகள் ஒதுங்கி நின்று சரக்கு இறக்கிய நீர்த்தேக்கத்தைக் குறிப்பது. 1837இல் மாகாண அரசு கால்வாயைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதன் பிறகு பழவேற்காடு ஏரியைத் தாண்டி, துகராஜப்பட்டினம், கிருஷ்ணப்பட்டினம் என்று துண்டு துண்டாக வடக்கே நீண்டு, பெத்தகஞ்சாமில் கிருஷ்ணா டெல்டாவின் கொம்மமூரு கால்வாயைத் தொட்டது. தெற்கிலும் அடையாற்றிலிருந்து கடலோரமாகவே கீழே இறங்கியது.

மொத்த நீளம் 420 கிலோமீட்டர். அதில் 257 ஆந்திரத்திலும் 163 தமிழ்நாட்டிலும் உள்ளன. இந்த 420இல் 8 எவ்வளவு என்று பார்த்தாலே வாட்ஸ்அப் செய்தியின் பிழை தெரிந்துவிடும்.

நான் மரக்காணம் பக்கத்தவன். என் தாத்தா இந்தக் கால்வாயில் விறகுப் படகு ஓட்டியவர். ஆகவே இது எனக்குப் பாடப்புத்தகச் செய்தி அல்ல.

5 பிப்ரவரி

நேற்றைய பதிலில், கேள்வியில் இருந்த ஒரு பிழையைத் திருத்தாமல் விட்டுவிட்டேன். பக்கிங்காம் கால்வாய் புதுச்சேரி வரை போகவில்லை. எங்கள் மரக்காணத்தோடு நின்றுவிடுகிறது. அதே போல வடக்கில் அதன் எல்லை பெத்தகஞ்சாம். அங்கிருந்து கொம்மமூரு கால்வாய், ஏலூரு கால்வாய், காக்கிநாடா கால்வாய் என்று வேறு கால்வாய்கள் வழியாகத்தான் காக்கிநாடாவுக்குப் போக முடிந்தது.

புதுச்சேரி என்ற எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்றும் ஊகிக்கிறேன். பாரதிதாசன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் தோணியில் போனதைப் பாடிய ‘மாவலிபுரச் செலவு’, இந்த வாய்க்கால் புதுச்சேரி வரை நீள்வதாகவே தொடங்குகிறது. பள்ளியில் அதைப் படித்தவர்கள் அந்த எல்லையை அப்படியே மனத்தில் வைத்திருப்பார்கள். எல்லையில் பிழை இருந்தாலும், சரக்கு மட்டுமல்லாமல் மக்களும் இதில் பயணம் செய்தார்கள் என்பதற்கு அந்தப் பாட்டு நல்ல சான்று.

5 பிப்ரவரி, பிற்பகல்

கால்வாய் வருவதற்கு முன் இந்தக் கடற்கரையில் சரக்கு எப்படிப் போயிற்று என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையின் சிறந்த கேள்வி இதுதான்.

தரையில் மாட்டு வண்டி. உப்பு விற்ற உமணர்கள் வண்டி வண்டியாக உள்நாட்டுக்குப் போனதைச் சங்கப் பாடல்கள் பலமுறை சொல்கின்றன. மேடு பள்ளத்தில் அச்சு முறிந்தால் என்ன செய்வது என்று வண்டியின் அடியில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். அதற்குச் சேம அச்சு என்று பெயர். வழி எவ்வளவு மோசமாக இருந்தது என்பதை அந்த ஒரு மரத்துண்டு சொல்லிவிடும். அந்த வழிகள் உள்நாட்டை நோக்கிப் போனவை. கடலை ஒட்டி வடக்கு தெற்காகப் போக நினைத்தால் மணல்மேடும் உப்பங்கழிகளும் ஆற்று முகத்துவாரங்களும் மாறி மாறி வரும். ஏற்றிய வண்டி அந்த மணலில் புதையும்.

கடலில் போகலாம் என்றால் சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழத்தில் நிற்க, மசூலா படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வந்தன. ஆணி அடித்த படகு அலை அடித்தால் பிளந்துவிடும் என்பதால், மசூலாவின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அடி தரையில் மோதினாலும் அது வளைந்து கொடுக்கும்.

இவை இரண்டுக்கும் நடுவில் இயற்கையே ஒரு வழியை அரைகுறையாகப் போட்டு வைத்திருந்தது. எண்ணூர்க் கழி, பழவேற்காடு ஏரி, முட்டுக்காடு, கோவளம் பக்கத்துக் கழிகள் எல்லாம் கடலுக்கு இணையாக, மணல்மேட்டுக்குப் பின்னால் கிடக்கின்றன. கால்வாய் வெட்டியவர்கள் செய்தது பெரும்பாலும் இவற்றுக்கு இடையிலிருந்த மேட்டை வெட்டி ஒன்றோடொன்று கோத்ததுதான். ஆகவே ‘420 கிலோமீட்டர் வெட்டினார்கள்’ என்பதும் முழு உண்மை அல்ல. பல பகுதிகள் ஏற்கெனவே நீராக இருந்தன.

8 பிப்ரவரி

லாக் பற்றிக் கேட்டவருக்கு: நூல்களில் நீர்ப்பூட்டு என்பார்கள், கரையோரத்தில் எல்லாரும் லாக் என்றே சொல்வார்கள். சென்னையில் கால்வாய்க்கரையில் உள்ள லாக் நகரின் பெயரும் அதிலிருந்து வந்ததே. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, நீரை ஏற்றியோ இறக்கியோ படகை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்குக் கொண்டுபோவதற்காக இது கட்டப்பட்டது.

9 பிப்ரவரி

நேற்று எழுதியது அரைப் பதில். மலைச்சரிவில் ஏறும் கால்வாய்க்கு அந்த விளக்கம் பொருந்தும். கடல்மட்டத்தை ஒட்டியே ஓடும் நம் கால்வாய்க்கு அவ்வளவாகப் பொருந்தாது. இங்கே லாக்கின் வேலை வேறு.

பக்கிங்காம் கால்வாயில் உள்ளது கடல்நீர். முகத்துவாரம் திறந்திருக்கும்போது ஓதம் ஏறினால் நீர் ஏறும், வற்றினால் இறங்கும். முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் நீர் அப்படியே தங்கும் அல்லது வெயிலில் வற்றும். வற்றிய நேரத்திலும் படகு தரை தட்டாமல் போக வேண்டுமானால் ஏறிய நீரைக் கதவு போட்டுத் தேக்க வேண்டும். அது ஒன்று. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. கொசஸ்தலை, கூவம், அடையாறு, பாலாறு, ஆந்திரத்தில் சுவர்ணமுகி, பெண்ணை என்று மேற்கிலிருந்து வரும் ஒவ்வொரு ஆற்றையும் இந்தக் கால்வாய் அதே மட்டத்தில் குறுக்காகக் கடக்கிறது. மழைக்காலத்தில் ஆறு வெள்ளமாக வந்தால் அதன் வண்டலும் மணலும் நேராகக் கால்வாய்க்குள் புகும். அதைத் தடுக்க ஆற்றின் வடகரையில் ஒன்றும் தென்கரையில் ஒன்றுமாக லாக் வைத்தார்கள். வெள்ளம் வந்தால் இருபுறமும் கதவு சாத்தப்படும். வெள்ளம் வடிந்த பிறகு படகுகள் ஆற்றைக் குறுக்கே கடந்து எதிர் லாக்கில் நுழையும்.

கால்வாயின் உயிர் இந்தக் கதவுகளில்தான் இருந்தது என்பது என் கருத்து. ஒரு லாக் பழுதானால் இரண்டு மழைக்காலத்தில் அந்தப் பகுதி தூர்ந்துவிடும். ஓர் இடம் தூர்ந்தால் முழு வழியும் நின்றுவிடும்.

13 பிப்ரவரி

நேற்று அத்தையிடம் தொலைபேசியில் ஒரு மணி நேரம் பேசினேன். தாத்தாவின் பிள்ளைகளில் இப்போது இருப்பவர் அவர் மட்டுமே. சிறுமியாக இருந்தபோது நான்கைந்து முறை படகிலேயே சென்னைக்குப் போய் வந்திருக்கிறார். அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

ஏற்றுமதி பெரும்பாலும் சவுக்குக் கட்டை. எங்கள் பக்கத்து மணலில் சவுக்கு மட்டுமே நன்றாக வரும். சென்னையில் அடுப்பெரிக்க அது வேண்டும். கட்டையைப் படகின் நடுவில் ஆள் உயரத்துக்கு அடுக்கி, பின்பக்கம் கீற்று வேய்ந்து சிறிய மறைப்புக் கட்டியிருப்பார்கள். சமையலும் படுக்கையும் அங்கேதான். அத்தைக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது குடிநீர்ப் பானை. சுற்றிலும் தண்ணீர், ஒரு வாய் குடிக்க முடியாது. பானையின் வாயில் துணி கட்டி, அதன்மேல் தட்டு வைத்து, மேலே ஒரு கட்டையைப் பாரமாக வைத்திருப்பார்களாம். ஆட்டத்தில் உப்புநீர் தெறித்துவிடக் கூடாது என்பதற்காக. தண்ணீர் தீர்ந்தால் கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவிலுள்ள மணல்மேட்டில் ஊற்றுத் தோண்டுவார்கள். முழங்கை ஆழத்தில் நல்ல தண்ணீர் வரும். இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டிவிட்டால் உப்புக் கரித்துவிடும் என்பதால் அந்த வேலையைச் சிறுபிள்ளைகளிடம் விடமாட்டார்களாம்.

காற்று இருந்தால் பாய் விரிப்பது. இல்லையென்றால் கோல் ஊன்றுவது. அதற்கும் நகராவிட்டால் இரண்டு பேர் கரையில் இறங்கித் தோளில் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டே நடப்பது. அதற்காகவே கரையில் தடம் விட்டிருந்தார்கள். சென்னைக்கு மூன்று நாள் என்று நான் எப்போதும் கேட்டு வந்திருக்கிறேன். அத்தை அதை ஒப்புக்கொள்ளவில்லை. “மூணு நாளும் உண்டு, எட்டு நாளும் உண்டு, அது காத்தைக் கேட்கணும்” என்றார்.

எதிரே வந்த படகுகளில் உப்பு, பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து கிளிஞ்சல், வைக்கோல், நெல் எல்லாம் பார்த்திருக்கிறார். கிளிஞ்சல் போனது சுண்ணாம்புக் காளவாசல்களுக்கு. சென்னையின் பழைய வீடுகளில் சலவைக்கல் போலப் பளபளக்கும் சுவர்ப்பூச்சு அந்தக் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். ஒரு நகரத்தின் அடுப்பும் சுவரும் உப்புச் சட்டியும் இந்த வழியே வந்தன என்று சொன்னால் மிகையாகாது.

14 பிப்ரவரி

4ஆம் தேதி நான் எழுதியதை ஒரு நண்பர் சுட்டிக்காட்டி, “420இல் 8 எவ்வளவு என்று கணக்குப் போட்டு அந்தச் சாவுகளை ஒதுக்கிவிட்டீர்கள்” என்று வருத்தப்பட்டிருக்கிறார். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்வது சரி.

நீளத்தைப் பற்றிய என் கணக்கில் மாற்றமில்லை. ஆனால் அந்த 8 கிலோமீட்டரை வெட்டியவர்களின் நிலையைச் சொல்லாமல் கணக்கை மட்டும் சொன்னது தவறு. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 56 லட்சம் முதல் 96 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று 1877இன் தொடக்கத்தில், பஞ்சத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். மண் வெட்டிச் சுமக்கிறவனுக்கு அது போதாது, குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் கார்னிஷ் எதிர்த்து வாதாடினார். 1877 மார்ச்சில் மாகாண அரசு அளவைச் சற்றே உயர்த்தியது: ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு.

ஒன்றரை அவுன்ஸ் என்பது 43 கிராம். இன்று காலை வீட்டில் துவரம்பருப்பை நிறுத்துப் பார்த்தேன். உள்ளங்கைக் குழிக்குள் அடங்கிவிட்டது. மாகாணத்தின் பஞ்ச வேலைகளுக்கு வந்தவர்களுக்கு அந்த ஆண்டில் உயர்த்திக் கொடுத்த அளவே அவ்வளவுதான். சேப்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் வழியாக அடையாற்றுக்குப் போகும் அந்தத் துண்டை இனி நான் சிறு துண்டு என்று எழுதமாட்டேன்.

20 பிப்ரவரி

கால்வாய் ஏன் செத்தது என்பதற்கு மூவர் மூன்று காரணம் எழுதியிருக்கிறார்கள்: ரயில், புயல், லாரி. மூன்றும் உண்மை; ஆனால் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் போனது. அது மேற்கு நோக்கிய பாதை, கால்வாயோடு மோதவில்லை. மோதல் வந்தது 1899இல், சென்னைக்கும் விஜயவாடாவுக்கும் கடலோர ரயில் பாதை இணைந்தபோது. கால்வாய் போன அதே திசையில் ரயில் சில மணி நேரத்தில் போனது. நெடுந்தூரச் சரக்கு அங்கே மாறியது. அவசரமில்லாத, கனமான, விலை குறைந்த சரக்கு கால்வாயில் தங்கியது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் அப்படித் தங்கியவையே.

இந்தியாவுக்கு ரயிலைவிடக் கால்வாயே ஏற்றது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் சர் ஆர்தர் காட்டன். கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டி டெல்டாவில் அவர் அமைத்த கால்வாய்கள் வயலுக்கும் பாய்ந்தன, படகுக்கும் வழியாயின. ஒரே செலவில் இரண்டு பயன். நம் கால்வாய்க்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. உப்புநீர் ஒரு காணி நிலத்துக்கும் பாயாது. எந்த உழவரும் அதைத் தூர்வாரச் சொல்லி மனுக் கொடுக்கமாட்டார். படகுச் சரக்கு குறைந்தால் அதற்காகப் பேச வேறு யாருமில்லை. இது எனக்கு இந்த இழையில் எழுதும்போதுதான் தெளிவாகத் தோன்றியது.

1965, 1966 புயல்கள் கரைகளையும் லாக்குகளையும் சேதப்படுத்தின. அதற்கு முன்பும் இந்தக் கடற்கரையில் எத்தனையோ புயல்கள் அடித்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பழுது பார்த்தார்கள். இந்த முறை பார்க்கவில்லை, ஏனென்றால் சாலையில் லாரி வந்துவிட்டது. எங்கள் தாத்தா படகை விற்கவில்லை, வாங்க ஆளில்லை. கரையில் ஏற்றிக் கவிழ்த்து வைத்தார். சில ஆண்டுகளில் அதன் பலகைகளே அடுப்புக்குப் போயின.

27 பிப்ரவரி

ஞாயிற்றுக்கிழமை பாலாற்றுக்குத் தெற்கே ஒரு பழைய லாக் வரை நடந்து போய்ப் பார்த்தேன். கதவுகள் இல்லை. கதவு சுழன்ற குழி மட்டும் கல்லில் அரைவட்டமாக, தேய்ந்து வழவழப்பாக இருக்கிறது. சுவரின் மேல்விளிம்பில், மூலைக்கல்லில், விரல் பதியும் ஆழத்துக்குப் பள்ளங்கள் ஓடுகின்றன. படகை இழுத்த கயிறு உராய்ந்து உராய்ந்து அறுத்த தடம் அது. எத்தனை ஆண்டுக் கயிறு கருங்கல்லை அப்படி அறுத்திருக்கும் என்று விரலை வைத்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஒன்று மட்டும் விளங்கவில்லை. தென்பக்க மூலையில் பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றன, வடபக்கத்தில் மேலாக இருக்கின்றன. பாரம் ஏற்றிய படகுகள் வடக்கே சென்னைக்கு அல்லவா போயின? ஆழமான தடம் வடக்கில் இருக்க வேண்டாமா?

28 பிப்ரவரி

சென்னைக்குள் கால்வாயின் இன்றைய நிலையைக் கேட்டவருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன், எழுதவே மனம் வரவில்லை. பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே நிற்கின்றன. 1997இல் மயிலாப்பூர் வரை வந்த அந்தப் பாதை, பஞ்சத்தில் வெட்டிய அதே துண்டின் மேல்தான் பெரும்பாலும் போகிறது. கீழே ஓடுவது சாக்கடை. ஆனால் 2004 சுனாமியின்போது, ஊர்களுக்கும் கடலுக்கும் இடையே கிடந்த இந்தக் கால்வாய் பல இடங்களில் நீரை உள்வாங்கி வேகத்தைக் குறைத்தது. செத்துப்போனது என்று நாம் சொல்லும் கால்வாய் அன்று செய்த வேலை அது.

புதுச்சேரி பற்றியும் ஒரு சேர்க்கை. 2008இல் அறிவிக்கப்பட்ட 4ஆம் எண் தேசிய நீர்வழி காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரை. அதில் மரக்காணத்துக்குத் தெற்கே கழுவேலி ஏரியும் சேர்ந்திருக்கிறது. 5ஆம் தேதி நான் பிழை என்று சொன்ன எல்லை, காகிதத்திலாவது இப்போது சரியாகிவிட்டது.

6 மார்ச்

லாக்கின் மூலைக்கல் படத்தை அத்தையின் பேரன் மூலம் கைப்பேசியில் அனுப்பிக் காட்டினேன். ஆழமான தடம் ஏன் தெற்கே இருக்கிறது என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. சவுக்கு ஏற்றிப் போகும் மாதங்களில் தென்காற்று அடிக்கும். பாய் விரித்தால் பாரப் படகும் தானே வடக்கே போய்விடும், லாக்கைக் கடந்ததும் கயிற்றைச் சுருட்டி வைத்துவிடுவார்கள். திரும்பும்போது படகு காலி, ஆனால் முகத்தில் எதிர்காற்று. பாய் உதவாது. சென்னையிலிருந்து மரக்காணம் வரை இழுத்துக்கொண்டே நடந்ததெல்லாம் அப்போதுதான்.

“உங்க தாத்தாவுக்கு வலது தோள் இறங்கியிருக்குமே, பார்த்ததில்லையா?” என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். வயதானதால் என்று நினைத்திருந்தேன்.